ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பிறந்த கதை

1938-இல் சிங்கம்புணரியிலிருந்து ஓர் இளைஞர் கப்பலேறி, சுமத்ரா தீவிலுள்ள மேடான் நகருக்குப் போனார். வயது பதினெட்டு. அங்கே ஒரு தமிழரின் வட்டிக்கடையில் வேலை. பிற்காலத்தில் 'புயலிலே ஒரு தோணி' நாவலை எழுதிய ப. சிங்காரம்தான் அவர். சிங்கம்புணரி அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். காரைக்குடியும் தேவகோட்டையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தன. தொழில் பழகுவதற்காகப் பையன்களைக் கடல் தாண்டி அனுப்புவது அந்தச் சீமையில் வழக்கமாகவே இருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் கடைகள் சுமார் 1,650 இருந்தன.

ஆன்லைன் இன்டர்ன்ஷிப் என்றதும் எல்லோருக்கும் கொரோனா காலம்தான் நினைவுக்கு வருகிறது. லேப்டாப், ஜூம் மீட்டிங், வீட்டிலிருந்தே வேலை. ஆனால் முதலாளி ஓர் ஊரில், தொழில் பழகுகிறவர் இன்னோர் ஊரில், நடுவில் நூற்றுக்கணக்கான மைல் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதே இல்லை. அந்தத் தூரத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் பாதி விடை கண்டது. அந்தப் பாதி விடைகள் ஒன்று சேர்ந்துதான் இன்றைய ஆன்லைன் இன்டர்ன்ஷிப் பிறந்தது.

பெட்டியடிப் பையனும் கணக்கோலையும்

கடல் கடந்த வட்டிக்கடைகளில் பையன்கள் எடுபிடி வேலையில் தொடங்குவார்கள். பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே கடையை நடத்தும் மேலாள் என்று படிப்படியாக ஏற வேண்டும். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் கப்பலேறுவார். கடைக்குச் சொந்தக்காரர் செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். கடையில் நடப்பதை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. அவருக்கு வருவது கடிதமும் கணக்கும் மட்டும். கணக்கு ஒழுங்காக வந்தால் கடை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டில் மேற்பார்வை தூரத்திலிருந்து நடந்தது. கற்றுக்கொடுப்பது மட்டும் பக்கத்திலிருந்தே நடந்தது. பையனுக்கு வட்டி போடவும் ஆள் பார்த்துக் கடன் கொடுக்கவும் சொல்லித்தந்தவர் அதே கடையில் அவனருகே உட்கார்ந்திருந்த அடுத்தாள். அதனால் தொழில் பழக வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போயே தீர வேண்டும். பழகும் ஆளையும் சொல்லித்தரும் ஆளையும் தனித்தனி ஊரில் வைக்கும் வழி அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மேற்கில் இதன் வேறொரு பாதி உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், வகுப்பறை மட்டும் எஞ்சினியரை உருவாக்காது என்று கருதினார். 1906-இல் 27 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். மாணவர்களை ஜோடியாகப் பிரித்து, ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருக்கும்படி மாற்றி மாற்றி அனுப்பினார். படிக்கும் காலத்திலேயே, கல்லூரிக்கும் தெரிந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு வேலை பழகும் முறை அங்கே வேர்விட்டது.

நம் நாட்டில் மருத்துவம் படித்தவர்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார்கள். ஆடிட்டர் ஆக விரும்பியவர்கள் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தார்கள். வக்கீல்கள் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தார்கள். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்ததும் பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். விமான எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்யும் குழுவோடு நின்று, கையில் கிரீஸ் படிய வேலை பழகினார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம், திருச்சி, சென்னை, பெங்களூர் என்று அவர் ஊர் ஊராக நகர வேண்டியிருந்தது. எஞ்சின் இருக்கும் இடத்துக்குத்தான் ஆள் போக வேண்டும்.

போக முடிந்தவர் பிழைத்தார். போக முடியாதவர்? வெளியூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை, தனியாக அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர். இவர்களெல்லாம் அறிவில் குறைந்தவர்களா? பஸ் டிக்கெட்டும் ஹாஸ்டல் கட்டணமும்தான் இவர்களைத் தடுத்து நிறுத்தின.

வேலை ஆளைத் தேடி வந்தது

1973-இல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். ஊழியர்கள் தினமும் நகரத்தின் நடுவிலுள்ள அலுவலகத்துக்குக் கார் ஓட்டி வருவதற்குப் பதில், தொலைபேசிக் கம்பி வழியே வேலையை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் என்ன? லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அதைச் சோதித்தும் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் அவர் யோசனைக்குக் கூடுதல் நியாயம் கிடைத்தது. ஆனால் அது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கான ஏற்பாடு. வேலை தெரியாத ஒருவருக்குத் தூரத்திலிருந்தே கற்றுக்கொடுக்கும் வழி அப்போதும் கிடைக்கவில்லை.

அந்த வழியைக் கண்டவர்கள் கட்டற்ற மென்பொருள் எழுதியவர்கள். லினக்ஸ் என்ற இயங்குதளம் 1991-இல் தொடங்கியது. அதை எழுதிய தன்னார்வலர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. புதிதாக வரும் ஒருவர் தான் எழுதிய பத்து வரி நிரலை அனுப்புவார். அனுபவசாலி ஒருவர் அதை வரி வரியாகப் படித்து, "மூன்றாவது வரியில் இந்த நிலைமையைச் சோதிக்கவில்லை, ஃபைல் காலியாக இருந்தால் நின்றுவிடும்" என்று அந்த வரிக்குக் கீழேயே எழுதுவார். புதியவர் திருத்தி மறுபடி அனுப்புவார். மறுபடி குறிப்பு வரும். நாலைந்து முறை போய்வந்த பிறகு அது ஏற்றுக்கொள்ளப்படும். இதெல்லாம் எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. அடுத்து வந்த புதியவர் அந்தப் பழைய உரையாடலைப் படித்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்த அடுத்தாளின் வேலையை இப்போது எழுத்து செய்தது.

இதை முறையான பயிற்சித் திட்டமாக்கியது கூகுள் நிறுவனம். 2005-இல் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' என்ற திட்டத்தை அறிவித்தது. கோடை விடுமுறையில் மாணவர்கள் வீட்டிலிருந்தே ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு வேலை செய்ய வேண்டும். முடித்தால் மாணவருக்கு 4,500 டாலர்; வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர். முதலில் 200 இடம் என்றுதான் நினைத்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்ததால் சுமார் 400 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் திட்டத்தின் அமைப்பில்தான் இன்றைய ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பின் முழு வடிவமும் இருக்கிறது. என்ன செய்யப்போகிறேன் என்று மாணவரே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். வழிகாட்டி ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் குழுவோடு பழகச் சில வாரம் உண்டு. நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒரு மதிப்பீடு, தேறினால்தான் முழுப் பணம். சான்றிதழைவிடப் பெரிய சான்றாக, மாணவர் எழுதிய நிரல் உலகமே பார்க்கும்படி வெளியில் இருக்கும்.

பலன் எங்கே தெரிந்தது என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். 2005 முதல் 2014 வரையிலான முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை இந்தத் திட்டத்தில் சேர்த்த பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இல்லை. ராமநாதபுரத்தை அடுத்த தேவிபட்டினத்துக் கரையிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பை அடுத்த மொரட்டுவைப் பல்கலைக்கழகம்தான் அது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளும் அதில் அடக்கம். சீனியர்கள் ஜூனியர்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். விசாவும் விமான டிக்கெட்டும் இல்லாமலே அந்த மாணவர்கள் உலகத் தரமான வேலையைப் பழகினார்கள்.

வராதவர்களைத் தேடிப் போனவர்கள்

2006-இல் க்னோம் என்ற மென்பொருள் அமைப்பு ஒன்றைக் கவனித்தது. கூகுள் திட்டத்தின்கீழ் தங்களுக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்களிடமிருந்து வரவில்லை. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பெண்களுக்கென்று தனியே ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். நூறு விண்ணப்பங்களுக்கு மேல் வந்தன. ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சிறு முயற்சி 2010-இல் மறுபடி தொடங்கி, பிறகு அவுட்ரீச்சி என்ற பெயரில் வளர்ந்தது. இன்றும் அது முழுக்க முழுக்கத் தூரத்திலிருந்து செய்யும், உதவித்தொகை தரும் பயிற்சிப் பணி.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் சிறு முதலாளிகள் ஒவ்வொருவரும் இந்த 181-ஐ நினைவில் வைக்க வேண்டும். அறிவிப்பை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோமோ அவர்கள்தான் வருவார்கள்.

இந்தியாவில் 2010-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சர்வேஷ் அகர்வால் இன்டர்ன்ஷாலாவைத் தொடங்கினார். பயிற்சி தேடும் மாணவரையும் ஆள் தேடும் நிறுவனத்தையும் ஓரிடத்தில் சந்திக்கவைப்பது அதன் வேலை. அதில் வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சி என்று தனிப்பிரிவே உருவானது. 2016-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது. அதே ஆண்டில் யு.பி.ஐ. வந்ததால் இரண்டாயிரம் மூவாயிரம் உதவித்தொகையை வேறொரு ஊர் மாணவருக்கு ஒரு நொடியில் அனுப்ப முடிந்தது. சிறு முதலாளியின் கைக்கு எட்டாமல் இருந்த முறை இந்த இரண்டாலும் எட்டும் தூரத்துக்கு வந்தது.

2018-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் பொறியியல் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. லட்சக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் இடம் தேடத் தொடங்கினார்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போக முடியாது. கல்லூரிக்கோ இன்டர்ன்ஷிப் வேண்டும். கூகுளே அந்த ஆண்டு தன் அலுவலகக் கோடைப் பயிற்சியை ஆன்லைனுக்கு மாற்றியது. அதுவரை மென்பொருள்காரர்களின் வழக்கமாக இருந்தது, கணக்கு, விளம்பரம், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு என்று எல்லாத் துறைக்கும் பரவியது.

அதோடு ஒரு களையும் முளைத்தது. மாணவரிடமே ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு, பழைய வீடியோ நாலைந்தைக் காட்டி, வேலை எதுவும் தராமல் சான்றிதழை மட்டும் அச்சடித்துத் தரும் வியாபாரம் அது. வழிகாட்டி இல்லை, திருத்திச் சொல்வார் இல்லை. பெயர் மட்டும் இன்டர்ன்ஷிப். இந்த முறை எதற்காகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு வெறும் கூட்டை விற்கிறார்கள். ஏழை மாணவரின் காசையும் கோடையையும் ஒருசேரப் பறிக்கும் இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயரே கிடையாது.

தேவிபட்டினத்துக் கடைக்கு இது ஆகுமா?

அரசின் ஏற்பாடுகள் சில இருக்கின்றன. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தந்தது. ஆனால் அது நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களை மனத்தில் வைத்து வகுத்தது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் முதல் மாணவர்களைத் திறன்களில் தயார்செய்கிறது. கடைக்கே நேரில் வந்து பழகும் ஆள் வேண்டுமென்றால் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. நான்கு முதல் 29 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனமும் விரும்பினால் அதன்கீழ் ஆள் எடுக்கலாம். 2016-இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் ஆன்லைனில் ஒருவரைத் தேடிப் பிடித்து வேலை பழக்குவதைச் சிறு முதலாளி தானேதான் செய்துகொள்ள வேண்டும்.

எப்படிச் செய்வது? தேவிபட்டினத்தில் ஒரு கருவாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். நெத்திலி, சூடை, காரல், வாளை, திருக்கை எல்லாம் சாக்குகளில் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறவர்கள் நிறுத்தி வாங்கி, போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் விலை கேட்கிறார்கள். தராசைப் பிடித்த கையால் பதில் டைப் செய்ய நேரமில்லை. முழுநேர ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. இந்த இடத்தில்தான் இன்டர்ன் வேண்டும்.

முதல் வேலை, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதுவது. 'சமூக ஊடகம் பார்க்க ஆள் தேவை' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'எட்டு வாரம், தினம் மூன்று மணி நேரம், இருபது சரக்குக்கு வாட்ஸ்அப் கேட்டலாக் போட வேண்டும், வரும் ஆர்டர்களை எக்ஸெல் தாளில் ஏற்ற வேண்டும், வாரம் ஒருமுறை விலையை மாற்ற வேண்டும், மாதம் இவ்வளவு உதவித்தொகை' என்று எழுதினால் தகுந்தவர் வருவார். அந்தத் தாளை ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, செய்யது அம்மாள் பொறியியல் கல்லூரி, கீழக்கரை முகமது சதக் பொறியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு அனுப்பலாம். இன்டர்ன்ஷாலாவிலும் லிங்க்ட்இன்னிலும் போடலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பில் ஊரிலிருந்தபடியே படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

வந்தவர்களில் யாரை எடுப்பது? மார்க்கும் இங்கிலீஷும் இதற்கு அளவுகோல் ஆகாது. ஒரு சிறு வேலை கொடுங்கள். அதற்கும் சிறிதளவு பணம் கொடுங்கள். பத்துக் கருவாட்டுப் போட்டோவும் கையால் எழுதிய விலைச்சீட்டும் அனுப்பி, கேட்டலாக்குக்கு ஏற்ற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் அரை மணியில் பளபளவென்று போஸ்டர் செய்து அனுப்புவார். இன்னொருவர் எழுதுவதற்கு முன் கேள்வி கேட்பார்: சூடை தலையோடா, தலை நீக்கியதா? உப்புப் போட்டதா? விலை கிலோவுக்கா, அரைக்கிலோ பாக்கெட்டுக்கா? கூரியர் செலவு சேர்ந்ததா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணை எங்கே போடட்டும்? மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறினால் எனக்கு யார் சொல்வார்கள்? கேள்வி கேட்டவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர் தெரியாததை ஊகித்து எழுதினால் வாடிக்கையாளர் முன் தலைகுனிவது கடைக்காரர்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம்தான் அங்கே முதல் தகுதி.

சேர்த்த பிறகு பாஸ்வேர்டையும் சிம் கார்டையும் கொடுக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸை இன்டர்னின் கணினியோடு கியூ.ஆர். கோடு மூலம் இணைக்கலாம். வேண்டாதபோது உங்கள் போனிலிருந்தே துண்டிக்கலாம். கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கத்துக்கு அவரை மேனேஜராக மட்டும் சேர்க்கலாம். யு.பி.ஐ. பின் நம்பர் யாருக்கும் கிடையாது. தினமும் மாலை நாலு வரிக் கணக்கு அவர் அனுப்ப வேண்டும்: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை ஆர்டர், என்ன புகார், எனக்கு என்ன புரியவில்லை. கடைக்காரர் அதைப் படித்து, எழுத்திலோ வாய்ஸ் மெசேஜிலோ திருத்திச் சொல்ல வேண்டும். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் பேச வேண்டும். அன்று செட்டிநாட்டு முதலாளி கணக்கைப் படித்தார். லினக்ஸ்காரர் நிரலைத் திருத்தினார். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவரே இன்று நல்ல முதலாளி.

இதற்கு நேரம் வேண்டும். அந்த நேரமும் நம் கடற்கரைக்கு வாய்த்திருக்கிறது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரத்து குறையும், கடையில் ஓய்வு கிடைக்கும். கல்லூரிகளின் கோடை விடுமுறையும் அநேகமாக அந்த நாட்களில்தான். எட்டு வாரப் பயிற்சிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்த 61 நாள் பொருந்துகிறது. மார்ச்சில் அறிவிப்பை எழுதினால் ஏப்ரல் பாதியில் ஆள் தயார்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தினம் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்க மனமில்லை என்றால் இன்டர்ன் எடுக்காதீர்கள். கூலிக்கு ஆள் வையுங்கள். எடுத்தால் தொகை சிறிதானாலும் சொன்ன தேதியில் கொடுங்கள். அவர் செய்த வேலையை உள்ளது உள்ளபடி சான்றிதழில் எழுதுங்கள். மாணவர்களே, உங்களிடம் பணம் கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே சேராதீர்கள். எனக்குச் சொல்லித்தரப்போகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று முதல் நாளே கேளுங்கள். அதற்குப் பதில் வராத இடத்தில் இன்டர்ன்ஷிப் கிடையாது.